கூண்டுச் சிங்கங்களும் புலிகளும்: வாசகர் கேள்வி பதில்

பராமரிப்பின்றி வாடும் கூண்டுச் சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவற்றை மீட்பதற்காக நடக்கும் இயக்கங்களைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் அளிக்கிறேன்.

சூடான் நாட்டில் எலும்பும் தோலுமாகக் கிடந்த சிங்கங்களின் படங்கள் சில ஆண்டுகளுக்கு முன் எல்லோருடைய கைபேசிக்கும் வந்தன. நானும் பலருக்கு அனுப்பி வைத்தேன். அதனால் அந்தச் சிங்கங்களுக்கு ஏதாவது நன்மை விளைந்ததா?
– வாசகி, திருநெல்வேலி

விளைந்தது. ஆனால், எப்படி விளைந்தது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்தப் படங்கள் 2020 ஜனவரியில் சூடானின் தலைநகரான கார்ட்டூமில் உள்ள அல் குரேஷி பூங்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே ஐந்து சிங்கங்கள் இருந்தன. நகர நிர்வாகமும் தனியார் நன்கொடையாளர்களும் சேர்ந்து நடத்திவந்த பூங்கா அது. 2019 ஏப்ரலில் அதிபர் ஒமர் அல் பஷீர் பதவியிலிருந்து அகற்றப்பட்ட பிறகு, நாடு அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டிலும் உணவுப் பொருள் விலையேற்றத்திலும் சிக்கித் தவித்துக்கொண்டிருந்தது. மனிதர்களுக்கே ரொட்டி கிடைப்பது கடினமாகிவிட்ட நகரத்தில் சிங்கங்களுக்கு இறைச்சி வாங்கப் பணம் இல்லை. பூங்கா ஊழியர்கள் பல நாட்கள் தங்கள் சொந்தப் பணத்தில் இறைச்சி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். செய்தியாளர்கள் அங்கே போனபோது ஒரு சிங்கம் கயிற்றால் கட்டப்பட்டு, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றப்பட்டுக் கிடந்தது. கூண்டுகளின் அருகே ஈ மொய்த்த அழுகல் இறைச்சித் துண்டுகள் சிதறிக் கிடந்தன. அடுத்த சில நாட்களில் பெண் சிங்கம் ஒன்று இறந்துபோயிற்று.

ஒஸ்மான் சாலிஹ் என்ற கார்ட்டூம்வாசி இந்தக் காட்சியைக் கண்டு, படங்களை முகநூலில் வெளியிட்டு உதவி கோரினார். அவருடைய வேண்டுகோளில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. எந்த ஊர், எந்தப் பூங்கா, எத்தனை விலங்குகள் என்பது தெளிவாக இருந்தது. அதனால் உள்ளூர் மக்களும் கால்நடை மருத்துவர்களும் நேராக அந்த இடத்துக்கே வர முடிந்தது. சில நாட்களில், வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபோர் பாஸ் என்ற விலங்கு நல அமைப்பின் மருத்துவக் குழு, எகிப்தில் பிறந்த கால்நடை மருத்துவர் அமீர் கலீல் தலைமையில் வந்து சேர்ந்தது. இவர் அதற்கு முன்பே காசா, அலெப்போ, மொசூல் என்று போர் நடந்த ஊர்களின் மிருகக்காட்சி சாலைகளிலிருந்து விலங்குகளை வெளியே கொண்டுவந்தவர். எழுந்து நிற்கவும் முடியாமல் கிடந்த ‘கந்தாகா’ என்ற பெண் சிங்கம் அந்தச் சிகிச்சைக்குப் பிறகு மெல்ல மெல்லத் தேறியது.

கதை அங்கே முடிந்திருந்தால் நாம் மனநிறைவோடு பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். சாலிஹும் அவருடன் சேர்ந்தவர்களும் கார்ட்டூமுக்குத் தெற்கே ஒரு மீட்பு மையத்தை ஏற்படுத்தி, அங்கே சிங்கங்களை வைத்துப் பராமரித்தார்கள். 2023 ஏப்ரலில் ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் இடையே போர் மூண்டது. மையம் சண்டைப் பகுதிக்குள் அகப்பட்டுக்கொண்டது. உலகத்தின் கவனம் இயல்பாகவே மனிதர்களின் துயரத்தின் பக்கம் திரும்பியிருந்த அந்த மாதங்களில், குண்டுச் சத்தத்துக்கு நடுவே அந்த விலங்குகளுக்கு இரை தேடி, கடைசியில் 2023 நவம்பரில் அவற்றை வேறிடத்துக்கு வெளியேற்றினார்கள். நன்றாகப் பராமரிக்கப்படும் சிங்கம் கூண்டில் இருபது ஆண்டுகள்வரை உயிர் வாழும். நீங்கள் அனுப்பிய படம் அந்த இருபது ஆண்டுகளில் முதல் வாரத்துக்கு உதவியது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்த வாரம் இல்லாமல் மற்றவை இல்லை. ஆனால் மீதிக் காலத்தைச் சுமப்பவர்களை நாம் மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

சிறுவயதில் எங்கள் ஊர்த் திடலில் சர்க்கஸ் கூடாரம் போட்டால், இரவில் சிங்கம் கர்ஜிக்கும் ஓசை வீடுவரை கேட்கும். பிறகு சர்க்கஸில் சிங்கம் புலி கூடாது என்று தடை வந்துவிட்டது. அந்த விலங்குகள் எல்லாம் என்ன ஆயின? அவற்றைப் பழக்கியவர்களின் பிழைப்பு என்ன ஆயிற்று?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்வியை இந்த இயக்கங்களில் இருப்பவர்கள் யாரும் அதிகம் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டதற்கு நன்றி.

முதலில் தடையைப் பற்றி. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, எந்தெந்த விலங்குகளை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. அதன்படி 1991இலேயே ஓர் அறிவிக்கை வந்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். குழு அமைக்கப்பட்டது, ஆய்வு நடந்தது, 1998 அக்டோபர் 14 அன்று கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்தையும் குறிப்பிட்டுப் புதிய அறிவிக்கை வெளியானது. இந்திய சர்க்கஸ் கலையின் தாய்வீடான தலைச்சேரியைக் கொண்ட கேரளத்திலிருந்தே அதை எதிர்த்து வழக்கு வந்தது. தொழில் செய்யும் உரிமை பறிபோகிறது என்பது அவர்கள் வாதம். 2000 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. 2001 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆக, முதல் அறிவிக்கைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளிலும் சிங்கங்கள் கூண்டு வண்டியில்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. உடம்பைத் திருப்ப மட்டுமே இடமுள்ள அந்த வண்டிக்குள்தான் அவற்றுக்கு உணவு, உறக்கம், கழிவு எல்லாமே. வெளியே வருவது ஆட்டக் களத்துக்கு மட்டும், அதுவும் சாட்டையின் பார்வையில்.

மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அந்த விலங்குகளுக்காக மீட்பு மையங்களை ஏற்படுத்தியது. நம்முடைய வண்டலூர், ஆந்திரத்தில் திருப்பதி, விசாகப்பட்டினம், கர்நாடகத்தில் பன்னேர்கட்டா, ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் ஆகிய இடங்களில் அவை அமைந்தன. வண்டியில் பல்லாண்டுகள் கழித்த புலியைத் திறந்த வெளியில் விட்டால், அது உடனே ஓடி விளையாடும் என்று நாம் எதிர்பார்ப்போம். பழைய வண்டியின் நீளம் எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டும் முன்னும் பின்னும் நடந்துவிட்டு, அதே இடத்தில் திரும்பும் விலங்குகள் உண்டு. புல்தரையில் கால் வைக்கத் தயங்கி, சிமெண்டுத் தரையின் விளிம்பிலேயே நிற்பவை உண்டு. நகம் வளைந்து உள்ளங்காலில் குத்தி நின்றவையும், பல் உடைந்தவையும் உண்டு. அவற்றைத் தேற்றுவதற்குக் காப்பாளர்களின் பொறுமைதான் மருந்து.

அந்தச் சிங்கங்களில் பல, ஆப்பிரிக்கச் சிங்கமும் ஆசியச் சிங்கமும் கலந்து பிறந்த கலப்பினம். ஆசியச் சிங்கம் காட்டில் மிஞ்சியிருப்பது குஜராத்தின் கிர் பகுதியில் மட்டுமே என்பதால், அதன் தூய வழியைக் காக்க, கலப்பினத்தை இனப்பெருக்கம் செய்யவிடக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். மீட்பு மையங்களில் ஆணும் பெண்ணும் பிரித்து வைக்கப்பட்டன, அல்லது கருத்தடை செய்யப்பட்டன. குட்டிகள் பிறக்காத இடத்தில் அவை ஒவ்வொன்றாக முதிர்ந்து இறந்தன. சிலருக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடமும் உணவும் இல்லாமல் மேலும் மேலும் குட்டி போடவிட்டதுதானே இந்த நிலைமைக்குக் காரணம்?

பழக்கியவர்களைப் பற்றி: அவர்களுள் பலர் தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழிலில் இருந்தவர்கள், வேறு தொழில் அறியாதவர்கள். விலங்குக்குப் போக்கிடம் தேடிய இயக்கங்கள் இவர்களுக்கு ஒரு வழி காட்டப் போதிய அக்கறை எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் கருத்து. ஒரு புலியின் குணத்தை அதன் காது அசைவிலேயே படித்துவிடக்கூடிய மனிதரை, சாட்டையைக் கீழே வைக்கச் சொல்லி, மீட்பு மையத்தில் பயிற்சி பெற்ற காப்பாளராக ஆக்கியிருக்க முடியும். எதிர்ப்பும் குறைந்திருக்கும், பத்து ஆண்டு வழக்கும் சுருங்கியிருக்கும்.

மீட்ட விலங்குகளை ஏன் காட்டிலேயே விட்டுவிடக் கூடாது?
– ஏழாம் வகுப்பு மாணவன், ஓசூர்

கூண்டில் பிறந்த புலிக்கு வேட்டையாடத் தெரியாது, மனிதனைக் கண்டு விலகவும் தெரியாது. பசித்தால் அது ஊரை நோக்கித்தான் வரும், அங்கே ஆடுமாடுகளும் ஆட்களும் இருப்பார்கள். அதோடு, கூண்டில் ஒட்டிய நோயைக் காட்டுக்குள் கொண்டுபோகவும் கூடும். காட்டில் பிறந்து தாயை இழந்த குட்டிகளின் கதை வேறு. மத்தியப் பிரதேசத்தில் கான்ஹாவில் வளர்க்கப்பட்ட அநாதைப் பெண் புலிகள் இரண்டைப் பன்னா காட்டில் விட்டார்கள். அவை அங்கே நிலைத்து, குட்டிகளும் ஈன்றன. ஆனால் அவை மனித வாடை அதிகம் படாமல், பெரிய வேலிப் பரப்புக்குள் உயிருள்ள இரையைப் பிடித்துப் பழகியவை.

விலங்கு நலம் பேசுகிறவர்கள்தானே ஜல்லிக்கட்டையும் தடுத்தார்கள்? அவர்களோடு நாம் ஏன் சேர வேண்டும்?
– வாசகர், அலங்காநல்லூர்

உங்கள் கோபத்தின் காரணம் எனக்குத் தெரியும். மேலே சொன்ன அதே 22ஆம் பிரிவின் பட்டியலில் 2011இல் காளையையும் சேர்த்ததால்தான் 2014இல் ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றத் தடை வந்தது. 2017இல் நம் சட்டமன்றம் திருத்தச் சட்டம் இயற்றியது, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. காளையை வளர்ப்பவர் வீட்டில் அது பெயர் சொல்லி அழைக்கப்படும் பிள்ளை. கூண்டு வண்டிச் சிங்கத்துக்கு அப்படி ஒரு வீடு இருந்ததில்லை. ஜல்லிக்கட்டில் எந்தப் பக்கம் நின்றவராக இருந்தாலும், பட்டினி கிடக்கும் சிங்கத்துக்காகப் பேச அது தடையாக வேண்டியதில்லை. மாட்டின் ஒட்டிய வயிற்றைப் பார்த்ததுமே அதன் நிலைமையைச் சொல்லிவிடும் உங்கள் ஊர்க்காரர்களின் கண், எந்த உயிரியல் பூங்காவிலும் பயன்படும்.

தாய்லாந்துச் சுற்றுலாவில் ஒரு புத்த மடத்தில் புலிக்குப் பக்கத்தில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். பிறகு அந்த மடத்தை அரசு சோதனையிட்டதாகப் படித்தோம். அந்தப் புலிகள் இப்போது நலமாக இருக்கின்றனவா?
– வாசகி, சிங்கப்பூர்

வருத்தமான பதில்தான் தர முடிகிறது, அம்மா. நீங்கள் சொல்வது காஞ்சனபுரி மாகாணத்தில் ‘புலிக்கோயில்’ என்று பெயர் பெற்ற வாட் பா லுவாங் தா புவா மடமாக இருக்க வேண்டும். 1999இல் ஓர் அநாதைக் குட்டியோடு தொடங்கியதாகச் சொல்லப்பட்ட அந்த இடம், சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட புலிகளை வளர்த்து, குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கவும் புலியோடு படம் எடுத்துக்கொள்ளவும் கட்டணம் வாங்கும் தொழிலாகிவிட்டது. அங்கே பணியாற்றிய சிலரும் வெளிநாட்டு அமைப்புகளும் பல ஆண்டுகள் புகார் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2016 ஜூன் தொடக்கத்தில் வனவிலங்குத் துறையினர் உள்ளே புகுந்து, முன்பே எடுத்துச் சென்றவற்றையும் சேர்த்து மொத்தம் 147 புலிகளைக் கைப்பற்றினார்கள். சமையல் பகுதியின் உறைபெட்டியில் நாற்பது புலிக்குட்டிகளின் உடல்கள் கிடந்தன. புலித்தோலும் தாயத்துகளும் வைத்திருந்த வண்டி ஒன்று மடத்தை விட்டு வெளியேறும்போது பிடிபட்டது.

கைப்பற்றிய புலிகளை ராட்சபுரி மாகாணத்தில் உள்ள இரண்டு அரசு மையங்களுக்குக் கொண்டுபோனார்கள். 2019 செப்டம்பரில் அரசு அறிவித்த கணக்கின்படி அவற்றுள் 86 புலிகள் இறந்துவிட்டன. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ், மூச்சுக்குழலை அடைக்கும் குரல்வளைச் செயலிழப்பு ஆகியவற்றை அதிகாரிகள் காரணமாகச் சொன்னார்கள். ஒரே குடும்பத்துக்குள் மீண்டும் மீண்டும் இனப்பெருக்கம் செய்ததால் நோய் எதிர்ப்பாற்றல் குன்றிப் போயிருந்தது என்றார்கள். அத்தனை புலிகளை நெருக்கமான கூண்டுகளில் வைத்தால் நோய் பரவாமல் என்ன செய்யும் என்று விலங்கு நல அமைப்புகள் கேட்டன. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மடத்தை மூடச் சொன்னது சரி. ஆனால் ‘மூடு’ என்ற கோரிக்கையோடு, ‘இந்த 147 உயிர்களை எங்கே வைக்கப்போகிறீர்கள், அங்கே மருத்துவர்கள் எத்தனை பேர், நோயுற்றதைத் தனியே வைக்க இடம் உண்டா’ என்ற கோரிக்கையும் அதே உரத்த குரலில் எழுந்திருக்க வேண்டும். 2020 ஜூலையில் பாகிஸ்தானில் நடந்ததும் இதே வகைதான். இஸ்லாமாபாத் மிருகக்காட்சி சாலையின் விலங்குகளை நல்ல இடங்களுக்கு மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் அருமையான தீர்ப்பு வழங்கியது. சிங்கங்களை இடமாற்றும்போது, பெட்டிக்குள் போக வைப்பதற்காக அவற்றின் இருப்பிடத்தில் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். ஆணும் பெண்ணுமாக இரண்டு சிங்கங்களும் புகையில் மூச்சுத் திணறி இறந்தன. முறையாகச் செய்வதென்றால், பல நாட்களுக்கு முன்பே பயணப் பெட்டியைக் கூண்டின் வாயிலோடு சேர்த்து வைத்து, அதற்குள்ளே இறைச்சி போட்டுப் பழக்க வேண்டும். விலங்கு தானே உள்ளே போய் உண்டு படுத்துக்கொள்ளும் அளவுக்குப் பழகிய பிறகே கதவை அடைக்க வேண்டும். கெடுவின் நெருக்கடியில் யாரும் அந்த நாட்களைக் கொடுப்பதில்லை.

நீங்கள் படம் எடுத்துக்கொண்டதற்காக வருந்தி எழுதியிருக்கிறீர்கள். அறியாமல் செய்தது. உங்கள் சுற்றுலா நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, புலியோடு படம் எடுக்கும் இடங்களைப் பயணத் திட்டத்திலிருந்து நீக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் எழுதினால் மதிப்பு உண்டு.

இணையத்தில் கையெழுத்து இயக்கம் நடத்துவதால் பயன் உண்டா?
– கல்லூரி மாணவர், மதுரை

தனியாக அது போதாது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், லாரிகள் எரிபொருள் நிரப்பி நிற்கும் ஒரு நிறுத்தத்தில் டோனி என்ற புலி காட்சிப் பொருளாக வைக்கப்பட்டிருந்தது. டீசல் புகைக்கும் இயந்திர இரைச்சலுக்கும் நடுவே அதன் வாழ்க்கை கழிந்தது. பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள், வழக்கறிஞர்கள் பல ஆண்டுகள் வழக்காடி, உரிமம் செல்லாது என்று தீர்ப்பும் பெற்றார்கள். மாநில சட்டமன்றமோ 2014இல் அந்த ஓர் உரிமையாளருக்குப் பொருந்தும்படி விலக்குச் சட்டம் இயற்றிவிட்டது. டோனி 2017 அக்டோபரில், பதினேழு வயதில், அதே நிறுத்தத்தில் இறந்தது. ஆனாலும் அந்த உழைப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். 2011இல் ஒஹையோ மாநிலத்தில் ஒருவர் தம்முடைய சிங்கம், புலிகளையெல்லாம் திறந்துவிட்டுத் தற்கொலை செய்துகொள்ள, காவலர்கள் ஒரே இரவில் டசன் கணக்கான விலங்குகளைச் சுட்டுக் கொல்ல நேர்ந்தது. டோனியும் அந்த இரவும் சேர்ந்து மக்கள் மனத்தில் தங்கியதால், 2022 டிசம்பரில் தனியார் சிங்கம், புலி போன்ற பெரும்பூனைகளை வளர்ப்பதையும் குட்டிகளைப் பொதுமக்கள் தொட்டு விளையாடுவதையும் தடுக்கும் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது.

எங்கள் பகுதி உயிரியல் பூங்காவில் ஒரு சிங்கம் மிகவும் மெலிந்து இருக்கிறது. யாரிடம் சொல்வது?
– வாசகி, பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்

முதலில் அவசரப்படாமல் பாருங்கள். இந்தியப் பூங்காக்கள் பலவற்றில் பெரும்பூனைகளுக்கு வாரம் ஒரு நாள் உணவு கொடுப்பதில்லை. அது காட்டு வாழ்க்கையை ஒட்டிய வழக்கம், பட்டினி அல்ல. கிழச் சிங்கம் நல்ல பராமரிப்பிலும் மெலிந்துதான் இருக்கும். ஆனால் இளம் விலங்கின் இடுப்பெலும்பும் முதுகெலும்பும் துருத்தி நிற்கிறதா, தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடக்கிறதா, வெயிலுக்கு ஒதுங்க நிழல் இல்லையா, முழங்கைகளில் சிமெண்டுத் தரை உராய்ந்த புண் இருக்கிறதா என்று கவனியுங்கள். குட்டிகளின் கால் வளைந்திருந்தால், எலும்பில்லாத இறைச்சியை மட்டுமே கொடுத்து வருகிறார்கள் என்று ஊகிக்கலாம், சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவது அது. வெவ்வேறு நாட்களில், தேதியோடு படம் எடுங்கள். கம்பியைத் தாண்டவோ இரை வீசவோ வேண்டாம்.

பிறகு பூங்கா இயக்குநருக்கு எழுத்து மூலம் கொடுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் நாட்டில் எந்தப் பூங்காவும் இயங்க முடியாது என்பதால், டெல்லியில் உள்ள அந்த ஆணையத்துக்கும் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் நகல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தச் சிங்கத்தின் தீவனப் பதிவேடு, சிகிச்சைப் பதிவேடு, ஆணையத்தின் மதிப்பீட்டு அறிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். பத்து ரூபாய் விண்ணப்பக் கட்டணம் கட்டிக் கேட்டுப் பெறும் அந்தத் தாள்கள் ஆயிரம் பகிர்வுகளைவிட வலிமையானவை. காப்பாளரைத் திட்டியோ அவர் முகத்தைப் படம் எடுத்துப் போட்டோ எழுத வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலான இடங்களில் அந்த விலங்கைப் பற்றி உங்களைவிட அதிகம் கவலைப்படுபவர் அவர்தான். கார்ட்டூமில் தம் காசில் இறைச்சி வாங்கியவர்களைப் போன்றவர். உண்மை நிலவரத்தை உங்களுக்குச் சொல்லக்கூடியவரும் அவரே.

பிளஸ் டூ முடித்திருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் சிங்கக் குட்டிகளை வளர்க்கும் மையத்தில் பணம் கட்டித் தன்னார்வலராகச் சேர விரும்புகிறேன். போகலாமா?
– மாணவி, ஈரோடு

பணத்தைக் கட்டாதீர்கள், மகளே. உண்மையான மீட்பு மையத்தில் பார்வையாளர் குட்டியைத் தூக்கிக் கொஞ்ச முடியாது, அங்கே குட்டிகளே பிறக்காது. தென்னாப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கான சிங்கங்கள் பண்ணைகளில் வளர்க்கப்படுகின்றன. பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து பிரித்த குட்டிகளை ‘அநாதைகள்’ என்று சொல்லித் தன்னார்வலர்களிடம் புட்டிப்பால் கொடுக்கவிடும் இடங்கள் அங்கே உண்டு. தாயிடமிருந்து குட்டியைப் பிரித்தால் அது விரைவில் மீண்டும் சினைப்படும் என்பது அந்தத் தொழிலின் கணக்கு. வளர்ந்த பிறகு அதே சிங்கங்கள், வேலியிட்ட பரப்பில் பணக்கார வேட்டைக்காரர்களின் துப்பாக்கிக்கும் எலும்பு வாணிபத்துக்கும் போகின்றன. அதே நாட்டில் பெத்லகேம் என்ற ஊருக்கு அருகில் ஃபோர் பாஸ் நடத்தும் லயன்ஸ்ராக் போன்ற நல்ல மையங்களும் இருக்கின்றன. காசாவின் கான் யூனிஸ் நகரிலிருந்து மீட்கப்பட்ட ‘லாசிஸ்’ என்ற புலி 2016இல் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

உங்கள் ஆர்வத்துக்கு உள்ளூரிலேயே நல்ல பாதை இருக்கிறது. நீட் மதிப்பெண் இல்லாமலேயே, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் இளநிலைக் கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதை முடித்தபின் வன உயிரின அறிவியலில் முதுநிலைப் படிப்பும் உண்டு. இந்த ஆண்டு விண்ணப்பம் எப்போது என்று பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பாருங்கள். இடையில் விடுமுறைகளில் வண்டலூர்ப் பூங்காவின் கல்விப் பிரிவுக்கு எழுதிக் கேட்டு, காப்பாளர்களின் காலை வேலையைக் கூட நின்று பார்க்க வாய்ப்புக் கிடைக்குமா என்று முயன்று பாருங்கள். கூண்டைக் கழுவுவது, இறைச்சியை எடை போடுவது, நேற்றுப் போட்டதில் மிச்சம் எவ்வளவு என்று குறித்து வைப்பது ஆகியவைதான் அங்கே முதலில் கற்றுக்கொள்ள வேண்டியவை.